சந்தேகத்தின் பலன் யாருக்கு? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்



அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் ஆடும் 32 அணிகளுள் எந்த அணியை நேசிப்பவராயினும், நடுவர்கள் சில அணிகளுக்கும் சில குவாட்டர்பேக்குகளுக்கும் சாய்ந்து தீர்ப்பளிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டை ஒருமுறையேனும் எழுப்பாத ரசிகரைக் காண்பது அரிது. அக்குற்றச்சாட்டு நெடுங்காலம் டாம் பிரேடியையும் அவர் ஆடிய நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியையும் சுற்றி வந்தது. பேட்ரிக் மஹோம்ஸின் தலைமையில் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி 2020, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் சூப்பர் பவுல் எனப்படும் இறுதிப் போட்டியை வென்றபின் அவ்வணியின் மீது வந்து நின்றது. 2025 ஜனவரியில் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணிக்கு எதிரான பிளேஆஃப் எனப்படும் வெளியேற்றச் சுற்று ஆட்டத்தில் மஹோம்ஸைத் தாக்கியதாக இரண்டு முறை தண்டம் விதிக்கப்பட்டபோது, தொலைக்காட்சி வருணனையில் இருந்த முன்னாள் குவாட்டர்பேக் டிராய் எய்க்மனே கண்டித்துப் பேசினார். சூப்பர் பவுலுக்கு முந்தைய செய்தியாளர் சந்திப்பில், சீஃப்ஸுக்காக ஆட்டங்கள் வளைக்கப்படுகின்றன என்ற பேச்சை லீக்கின் ஆணையர் ரோஜர் குடெல் நேரடியாக மறுக்க வேண்டியதாயிற்று. ரசிகர்களின் சந்தேகத்தில் உண்மை உண்டு. ஆனால் அது குறிவைக்கும் இடம் பெரும்பாலும் தவறானது. அத்தவறான குறியினாலேயே கேட்கப்பட வேண்டிய கேள்வி கேட்கப்படாமல் நழுவிப்போகிறது என்பதே இம்மடல் முன்வைக்கும் வாதம்.

ஆட்டத்தை அதிகம் அறியாதோர் கையிலும் இம்மடல் கிட்டக்கூடும் என்பதால் சில சொற்களை முதலில் விளக்கிவிடுவது நலம். பக்கத்துக்கு 11 பேராக ஆடப்படும் அமெரிக்கக் கால்பந்தில், தாக்கும் அணி 4 முயற்சிகளுக்குள் பந்தை 10 யார்டு முன்னே கொண்டுசென்றால் அதற்கு மீண்டும் 4 முயற்சிகள் கிடைக்கும். அந்தப் புதுத் தொடக்கத்துக்கு முதல் டவுன் என்று பெயர். ஒவ்வொரு முயற்சியிலும் பந்தைப் பெற்று, அதை எறிவதா, ஓடுபவர் கையில் கொடுப்பதா, தானே ஏந்தி ஓடுவதா என்று முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். களத்தில் 7 நடுவர்கள் உள்ளனர். அவர்களுள் வெள்ளைத் தொப்பி அணிந்த தலைமை நடுவர் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் நின்று, அவர் மீது நிகழும் மோதல்களைக் கண்காணிக்கிறார். விதிமீறல் கண்ணில் பட்டால் மஞ்சள் கொடி வீசப்படும். பந்து கையைவிட்டுப் போனபின் குவாட்டர்பேக்கைத் தாக்குவது, தலையிலோ முழங்காலிலோ மோதுவது, தூக்கித் தரையில் அடிப்பது முதலியன ‘ரஃபிங் த பாஸர்’ என்னும் குற்றத்துள் அடங்கும். அதற்குத் தண்டம் 15 யார்டும் தானாகவே கிடைக்கும் முதல் டவுனும் ஆகும். ஆட்டத்தின் இறுதி நிமிடங்களில் இத்தண்டம் ஒன்றே வெற்றியை ஓர் அணியிடமிருந்து பறித்து மற்றோர் அணியிடம் கொடுத்துவிட வல்லது.

இங்கே ரசிகர்கள் பலர் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. குவாட்டர்பேக் மீதான மோதல் ஒன்று முரட்டுத்தனமானதா இல்லையா என்ற ஐயம் எழுந்தால், தலைமை நடுவர் அதைக் குற்றமாகவே அறிவிக்க வேண்டும் என்று லீக்கின் விதிநூலே பணிக்கிறது. குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும். இங்கோ அது குவாட்டர்பேக்குக்குப் போகிறது. ஆகவே, நடுவர்கள் குவாட்டர்பேக்குகளின் பக்கம் சாய்கிறார்கள் என்று ஒரு ரசிகர் சொன்னால், அவர் கண்டது மாயையன்று. லீக் அறிந்தே எழுதிவைத்த கொள்கையைத்தான் அவர் கண்டிருக்கிறார். பந்தை எறியும் கணத்தில் குவாட்டர்பேக்கின் கண்கள் தொலைவில் இருக்கும், உடல் தற்காப்பின்றி விரிந்திருக்கும் என்பதால் அக்கொள்கைக்கு மருத்துவ நியாயம் உண்டு. நட்சத்திரக் குவாட்டர்பேக் காயமுற்று வெளியேறினால் ஓர் அணியின் ஆண்டே வீணாகும், தொலைக்காட்சியில் அவ்வாட்டத்தைப் பார்ப்போரும் குறைவர் என்பதால் அதற்கு வணிக நியாயமும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். லீக்கும் அவற்றைப் பிரித்துக் காட்ட முயன்றதில்லை.

இவ்விதியின் வரலாறு, நட்சத்திரங்களின் காயங்களால் எழுதப்பட்ட வரலாறு. 2006 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் சின்சினாட்டி பெங்கால்ஸின் கார்சன் பாமருடைய முழங்கால் தாழ்ந்து வந்த மோதலால் சிதைந்தது. அதையடுத்து முழங்காலுக்குக் கீழான தாக்குதல் பற்றிய விதி இறுக்கப்பட்டது. 2008 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே கான்சஸ் சிட்டியின் பெர்னார்ட் பொல்லார்ட் தரையிலிருந்தபடியே பாய்ந்ததில் பிரேடியின் முழங்கால் கடுமையாகக் காயமுற்று, அவரது அவ்வாண்டு ஆட்டம் முடிந்துபோனது. அத்தகைய பாய்ச்சல் பற்றி 2009-இல் வந்த விதி விளக்கம் இன்றும் ‘பிரேடி விதி’ என்றே பேசப்படுகிறது. 2017 அக்டோபரில் மினசோட்டா வைக்கிங்ஸின் அந்தோணி பார் மேலே விழுந்ததில் கிரீன் பே பேக்கர்ஸின் ஆரன் ராஜர்ஸுக்குக் காறை எலும்பு முறிந்தது. அடுத்த ஆண்டு முதல், தாக்குபவர் தம் முழு உடல் எடையையும் குவாட்டர்பேக் மீது இறக்கக்கூடாது என்ற கட்டளை வலியுறுத்தப்பட்டது. பெயர்பெற்றோரின் எலும்பு முறிந்தால் மட்டுமே விதி திருத்தப்படுகிறது என்ற முணுமுணுப்புக்கு இவ்வரிசை இடம் கொடுக்கத்தான் செய்கிறது. எனினும் அவ்வரிசையின் அடுத்த நிகழ்ச்சியையும் நினைவில் கொள்ள வேண்டும்: 2018 பருவத்தின் இரண்டாம் வாரத்தில், வைக்கிங்ஸின் கர்க் கசின்ஸைத் தாக்கியதாகப் பேக்கர்ஸின் கிளே மேத்யூஸ் மீது கொடி வீசப்பட்டு, பேக்கர்ஸ் இடைமறித்துப் பிடித்த பந்து செல்லாததாகி, வென்றிருக்க வேண்டிய ஆட்டம் 29-29 எனச் சமனில் முடிந்தது. தம் குவாட்டர்பேக்கின் காயத்தையடுத்து இறுகிய பாதுகாப்புக்கு விலை கொடுத்தவர்களுள் பேக்கர்ஸ் அணியினரும் இருந்தனர்.

விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தும் அதன் நிழல் எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை என்பதற்குக் கரோலினா பாந்தர்ஸின் கேம் நியூட்டன் நல்ல சான்று. சொந்த அணி வீரர்கள் அரணாகச் சூழ்ந்து நிற்கும் ‘பாக்கெட்’ என்னும் இடத்துக்குள் நின்று எறியும் குவாட்டர்பேக்குக்கே விதியின் முழுப் பாதுகாப்பும் உண்டு; அவ்விடத்தைவிட்டு ஓடத் தொடங்கியதும் அவர் ஏனைய ஓட்டக்காரர்களைப் போன்றவராகி, சில பாதுகாப்புகளை இழக்கிறார். நியூட்டன் அதிகம் ஓடியவர். ஆறரை அடியை நெருங்கும் உயரமும், தம்மைத் தாக்க வரும் தடுப்பாளர் பலரைவிடப் பருத்த உடலும் கொண்டவர். 2016 பருவத்தின் தொடக்க ஆட்டத்தில் டென்வர் பிராங்கோஸ் வீரர்கள் அவர் தலையில் திரும்பத் திரும்ப மோதினர். களத்தில் போதிய கொடிகள் விழவில்லை, ஆனால் பின்னர் அவ்வீரர்களுள் சிலருக்கு லீக் அபராதம் விதித்தது. குற்றம் நடந்ததென்று லீக்கே ஒப்புக்கொண்ட மோதல்கள் களத்தில் ஏன் குற்றமாகத் தெரியவில்லை என்ற வினாவுக்கு விடை காணச் சதி தேவையில்லை. பெரிய உடல் அடியைத் தாங்கிக்கொள்வதாகக் கண்ணுக்குத் தோன்றும். மெலிந்த உடல் அதே அடியில் சிதறுவதாகத் தோன்றும். விதி அடியை அளக்கச் சொல்ல, கண் விளைவை அளந்துவிடுகிறது. நட்சத்திரத் தகுதியைவிட உடல்வாகும் ஆடும் முறையும் தீர்ப்பை அதிகம் சாய்க்கின்றன என்ற இக்கோணம் ரசிகர் விவாதங்களில் போதிய இடம் பெறவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

சதி என்ற விளக்கத்தைச் சோதிக்க 2022 அக்டோபரின் இரு நாட்களே போதும். அம்மாதம் 9-ஆம் நாள், அப்போது டாம்பா பே அணிக்கு ஆடிய பிரேடியை அட்லாண்டா ஃபால்கன்ஸின் கிரேடி ஜாரெட் வழக்கமான முறையில் பிடித்துச் சுழற்றி வீழ்த்தியதற்கு ரஃபிங் கொடி விழுந்தது. பந்தைத் திரும்பப் பெறும் தறுவாயில் இருந்த ஃபால்கன்ஸ் அணிக்கு அந்த வாய்ப்பு கிட்டாமல், ஆட்டம் 21-15 என டாம்பா பே அணிக்குச் சென்றது. ஆட்டம் பார்த்த பெரும்பாலானோர் இதைப் பிரேடிக்குக் காட்டிய சலுகை என்றே முடிவுகட்டினர். மறுநாள் இரவு கான்சஸ் சிட்டியில், சீஃப்ஸின் கிறிஸ் ஜோன்ஸ், லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸின் டெரெக் காரிடமிருந்து பந்தைப் பறித்துத் தம் கையில் ஏந்தியபடியே அவர் மேல் விழுந்தார், அவருக்கும் அதே கொடி விழுந்தது, அரங்கம் கொந்தளித்தது. முதல் தீர்ப்பால் பயன்பெற்றவர் அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரம். இரண்டாவது தீர்ப்பால் இழந்த அணியோ, இன்று நடுவர்களின் செல்லப்பிள்ளை என்று ஏசப்படும் அதே அணி. 2023 டிசம்பரில் பஃபலோ பில்ஸுக்கு எதிராக சீஃப்ஸ் அடித்த, ஆட்டத்தை வென்றிருக்கக்கூடிய டச் டவுன், அவ்வணியின் கடேரியஸ் டோனி முயற்சி தொடங்கும் கோட்டைத் தாண்டி நின்றதால் செல்லாததாக்கப்பட்டு, ஆட்டம் 20-17 எனக் கைநழுவியது. மஹோம்ஸ் அன்று கொதித்ததை லீக் முழுவதும் பார்த்தது. இந்நிகழ்ச்சிகளைக் கான்சஸ் சிட்டி ரசிகர்கள் மறக்கவில்லை. பஃபலோ ரசிகர்களுக்கோ அவை எளிதில் நினைவுக்கு வருவதில்லை.

இம்மறதி நேர்மைக் குறைவால் வருவதன்று என்பதை இதே விளையாட்டைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு நிறுவியது. 1951 நவம்பரில் பிரின்ஸ்டன், டார்ட்மத் பல்கலைக்கழக அணிகளுக்கிடையே நடந்த முரட்டு ஆட்டத்தில், பிரின்ஸ்டனின் புகழ்பெற்ற பந்து எறிவாளர் டிக் காஸ்மையர் மூக்குடைந்து வெளியேற, பின்னர் டார்ட்மத் வீரர் ஒருவரின் கால் முறிந்தது. ஆல்பர்ட் ஹாஸ்டார்ஃப், ஹாட்லி கான்ட்ரில் என்னும் உளவியலாளர் இருவர், அவ்வாட்டத்தின் படச்சுருளை இரு பல்கலைக்கழக மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, கண்ட விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்ததாக டார்ட்மத் மாணவர்கள் கண்ட குற்றங்களைவிட, அதே அணி செய்ததாகப் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்ட குற்றங்கள் இரு மடங்குக்கும் மேல் இருந்தன. ஒரே படச்சுருள், பொய் சொல்ல யாருக்கும் காரணமில்லை, ஆயினும் இரு தரப்பும் இரு வேறு ஆட்டங்களைப் பார்த்தன. 1954-இல் வெளியான அக்கட்டுரையை, நடுவரைத் திட்டுவதற்கு முன் ஒவ்வொரு ரசிகரும் ஒருமுறை நினைத்துப் பார்ப்பது தகும்.

அதே அளவு நேர்மையுடன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும்: நடுவரும் மனிதரே, அவர் கண்ணும் சாயும், அது எங்கே சாய்கிறது என்பதை அளந்தும் இருக்கிறார்கள். நோவா டேவிஸ், மைக்கேல் லோபெஸ் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், ஓரக்கோட்டுக்கு அருகே நிகழும் மோதல்களில், எந்த அணியின் பயிற்சியாளரும் வீரர்களும் அந்த ஓரத்தில் நின்று கூவுகிறார்களோ அந்த அணிக்குச் சாதகமாகச் சில வகைக் கொடிகள் விழும் விகிதம் கூடுகிறது என்று காட்டினர். லோபெஸ் பிறிதோர் ஆய்வில் கெவின் ஸ்னைடருடன் இணைந்து, நடுவரின் விருப்புரிமைக்கு உட்பட்ட தண்டங்கள் ஆட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் குறைகின்றன எனக் கண்டார். முடிவைத் தாம் தீர்மானித்துவிடக்கூடாதென்ற தயக்கம் நடுவரின் கையைக் கட்டுகிறது என்பது அதற்கு இயல்பான விளக்கம். பெருந்தொற்றால் அரங்குகள் பெரும்பாலும் வெறுமையாகக் கிடந்த 2020 பருவத்தில் சொந்த மண்ணில் ஆடிய அணிகள் 127 வெற்றி, 128 தோல்வி, 1 சமன் என முடித்தன. கூட்டத்தின் குரல் ஆட்டக்காரரை எவ்வளவு, நடுவரை எவ்வளவு பாதிக்கிறது என்று இந்தக் கணக்கு மட்டும் பிரித்துச் சொல்லாது என்றாலும், குரலுக்கு வலிமை உண்டு என்பதை அது மறுக்கவில்லை.

சீஃப்ஸ் பற்றிய நேரடிக் கேள்விக்கும் ஓர் ஆய்வு உண்டு. எல் பாசோவில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் பங்கேற்று 2025-இல் வெளியிட்ட கட்டுரை, 2015 முதல் 2023 வரையிலான தடுப்பு அணித் தண்டங்களை ஆராய்ந்து, மஹோம்ஸ் காலத்துச் சீஃப்ஸுக்குப் பிளேஆஃப் ஆட்டங்களில் சாதகமான சாய்வு தென்படுகிறது என்றும், பிரேடி காலத்துப் பேட்ரியட்ஸுக்கு அவ்வாறு தென்படவில்லை என்றும் கூறியது. அது புறக்கணிக்கத் தக்கதன்று. ஆனால் ஓர் அணியின் பிளேஆஃப் ஆட்டங்கள் எண்ணிக்கையில் சில. அவற்றுள் விழும் கொடிகளும் சில. சிறந்த எறிவாளரை எதிர்கொள்ளும் தடுப்பாளர் பின்தங்கும்போது எதிரியின் சட்டையைப் பற்றி இழுப்பதும், தாமதமாகப் போய் மோதுவதும் மிகும் என்பதால், குற்றம் அதிகம் இழைக்கப்பட்டதா, அதிகம் காணப்பட்டதா என்று எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் பிரிப்பது அரிது. 2023 சூப்பர் பவுலின் கடைசி இரு நிமிடங்களுக்குள் பிலடெல்பியா ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரி மீது விழுந்த கொடியை இன்றுவரை பலர் அநீதி என்கிறார்கள். ஆனால் தாம் பற்றி இழுத்தது உண்மை என்று ஆட்டம் முடிந்ததும் சொன்னவர் பிராட்பெரியே.

இவற்றையெல்லாம் சேர்த்து நோக்கினால், விலைபோன நடுவர் என்ற உருவம் கரைந்து, அழுத்தத்துக்கு ஆட்படும் மனிதர் என்ற உருவம் தெளிகிறது. விலைபோன நடுவர் விளையாட்டில் இருந்ததே இல்லை என்பது இதன் பொருளன்று. கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் நடுவர் டிம் டோனகி, சூதாட்டக்காரர்களுக்குத் தகவல் கொடுத்த வழக்கில் 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியபின், 2021-இல் கால்பந்து லீக்கே பந்தய நிறுவனங்களுடன் கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. பந்தயப் பணத்தில் பங்கு கொள்ளும் ஓர் அமைப்பு, தன் தீர்ப்பாளர்களின் செயலைத் திறந்து காட்டும் கடமையை முன்னினும் பன்மடங்கு ஏற்க வேண்டும். இங்கேதான் லீக் ரசிகர்களைக் கைவிடுகிறது.

ஒவ்வோர் ஆட்டத்தின் ஒவ்வொரு முயற்சியிலும் நடுவர்கள் செய்ததை லீக் மதிப்பிட்டுப் புள்ளி கொடுக்கிறது. உயர்ந்த புள்ளி பெற்றோருக்கே பிளேஆஃப் ஆட்டங்கள் கிடைக்கின்றன. அப்புள்ளிகள் பொதுமக்களுக்குக் காட்டப்படுவதில்லை. ஆட்டம் முடிந்ததும் தலைமை நடுவரிடம் கேள்வி கேட்க நிருபர் ஒருவருக்கு மட்டுமே வாய்ப்பு உண்டு. அவர் கொண்டுவரும் சில வரிகளோடு விளக்கம் முடிந்துவிடுகிறது. 2006 பிப்ரவரியில் சியாட்டில் சீஹாக்ஸ் தோற்ற சூப்பர் பவுலில் தாம் பிழையான தீர்ப்புகள் வழங்கியதைத் தலைமை நடுவர் பில் லீவி ஒப்புக்கொண்டது 2010 ஆகஸ்டில், அதுவும் அவராகவே மனம்வைத்துச் சொன்னதால்தான். என்.பி.ஏ. 2015 முதல், நெருக்கமாக முடியும் ஆட்டங்களின் கடைசி இரு நிமிடங்களில் வழங்கப்பட்ட, வழங்கத் தவறிய தீர்ப்புகளைச் சரி, பிழை என்று பிரித்து அறிக்கையாக வெளியிடுகிறது. அவ்வறிக்கைகளால் கூடைப்பந்து ரசிகர்களின் கோபம் தணிந்துவிடவில்லை. ஆனால் அக்கோபத்துக்குப் பிடிமானமாக ஓர் ஆவணம் கிடைத்தது. கால்பந்து ரசிகருக்கோ ஊகம் ஒன்றே மிஞ்சுகிறது.

ஊகம் தனி மனிதர் மீது பாயும்போது நிகழ்வது கொடுமை. 2017-இல் கல்லூரிக் கூடைப்பந்தில் கென்டக்கி அணி தோற்றபின், அவ்வாட்டத்தின் நடுவர் பிழைப்புக்காக நடத்திய கூரை வேலை நிறுவனத்தைச் சில ரசிகர்கள் பொய்யான குறைகூறல்களாலும் மிரட்டல்களாலும் தாக்கினர். கால்பந்து லீக்கின் நடுவர்களும் பெரும்பாலும் வேறு தொழில் செய்துகொண்டே வார இறுதியில் களமிறங்குவோர். அவர்களுக்கும் ஊரும் குடும்பமும் வாடிக்கையாளரும் உண்டு. அவர்களின் திறமை எத்தகையது என்பதை ரசிகர்கள் 2012-இல் ஒருமுறை கண்கூடாக அறிந்தனர்: ஊதியத் தகராறில் லீக் அவர்களை வெளியே நிறுத்திவிட்டு மாற்று நடுவர்களைக் கொண்டு ஆட்டங்களை நடத்தியபோது, செப்டம்பர் 24-இல் சியாட்டிலில் நடந்த ஆட்டத்தின் கடைசிப் பந்தை கிரீன் பே வீரரும் சியாட்டில் வீரரும் ஒருசேரப் பற்றியிருக்க, அருகருகே நின்ற இரு நடுவர்கள் ஒருவருக்கொருவர் முரணாகச் சைகை செய்தனர், ஆட்டம் 14-12 எனச் சியாட்டிலுக்குப் போனது. இரண்டே நாளில் தகராறு தீர்ந்தது. பழைய நடுவர்கள் பால்டிமோரில் களமிறங்கியபோது ரசிகர்கள் ஆர்ப்பரித்து வரவேற்றனர்.

ரசிகர்களின் கோபத்துக்கு ஆற்றல் இல்லை என்றும் கருத வேண்டியதில்லை. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் வீரர் ஒருவர், பந்து வருமுன்னரே நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் வீரரை மோதித் தள்ளியும் கொடி விழாமல் போய், செயின்ட்ஸ் 26-23 எனத் தோற்று சூப்பர் பவுல் வாய்ப்பை இழந்தபோது எழுந்த சீற்றம், இரண்டே மாதங்களில் 32 உரிமையாளர்களுள் 31 பேரை விதித் திருத்தத்துக்கு வாக்களிக்க வைத்தது. அத்தகைய குறுக்கீடுகளை ரீப்ளே பார்த்துத் திருத்தலாம் என்ற அத்திருத்தம் ஒரே பருவத்தில் கைவிடப்பட்டது. களத்தில் ஒரு கணத்தில் எடுத்த முடிவைத் திரையில் பார்த்து மாற்ற, திரை முன் அமர்ந்தவரும் தயங்கினார், எப்போது மாற்றுவார் எப்போது மாட்டார் என்பது யாருக்கும் விளங்கவில்லை. கோபம் சரியானது, கேட்ட பரிகாரம் தவறானது. தீர்ப்பைக் களத்திலேயே மாற்றும் அதிகாரத்தைவிட, தீர்ப்பின் மதிப்பீட்டை மறுநாள் பார்க்கும் உரிமையே ரசிகருக்கு அதிகம் பயன்படும். ஓர் அணிக்கு, ஒரு குவாட்டர்பேக்குக்கு, ஓர் உடல்வாகுக்குச் சாய்வு உண்டா என்பதை ஆண்டுக் கணக்கில் அளக்க அதுவே வழி.

லீக்கின் விதிகளையும் துணைவிதிகளையும் திருத்த எந்த அணியும் முன்மொழியலாம். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் கூடும் உரிமையாளர் கூட்டத்தில் 24 வாக்குகள் கிடைத்தால் அது நிறைவேறும். நடுவர்களுக்கு வழங்கப்படும் புள்ளிகளையும், ரஃபிங் உட்பட விருப்புரிமைக்கு உட்பட்ட ஒவ்வொரு தண்டத்தைப் பற்றிய லீக்கின் சரி-பிழை முடிவையும், வெள்ளைத் தொப்பி அணிந்தவரின் முழு விளக்கத்தையும் வாரந்தோறும் வெளியிட வேண்டும் என்ற முன்மொழிவை, பருவச் சீட்டு வாங்கும் ரசிகர்கள் தத்தம் அணியின் உரிமையாளரிடம் எழுத்தில் கேட்கலாம். கான்சஸ் சிட்டி ரசிகரும் பஃபலோ ரசிகரும் ஒரே தாளில் கையெழுத்திடக்கூடிய கோரிக்கை இது.